பாதியில் அணைந்த வில்லை

பொத்தேரி ஆய்வுக்கூடத்தில் படித்த காலத்தில் நானும் ஜெரோமும் நிக்கல் தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து, வில்லையாக அழுத்தி, ஒரு முனையில் பற்றவைப்போம். அதற்குமேல் அடுப்பே வேண்டாம். தன் சூட்டிலேயே மறுமுனைவரை எரிந்துகொண்டு போய் முழுவதும் உலோகக் கலவையாகிவிட வேண்டும். எங்கள் வில்லைகளோ பாதியிலேயே அணைந்தன. தூளைக் காயவைத்தவன் ஜெரோம். "ஈரத்தோட குடுத்துத் தொலைச்சிட்டியேடா" என்று பதினாறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் சிரிப்பான்.

நேற்று அங்கே வாய்மொழித் தேர்வு நடத்தப் போனேன். மாணவி காயத்ரி பற்றவைத்த வில்லையில் தணல் கோடு மூன்றே நொடியில் மறுமுனையைத் தொட்டது.

"எப்படிம்மா?"

"ரொம்ப இறுக்கி அழுத்துனா சூடு நிக்காம பரவி, அணைஞ்சிடும் சார். நான் லேசாத்தான் அழுத்தினேன்."

அந்தக் காலத்தில் அழுத்தியது நான். அழுத்தும் இயந்திரத்தின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, முழுப் பலத்தோடு. என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஜெரோம் இப்போது முட்டுக்காட்டில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறான். போன் போட்டுச் சொன்னேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மச்சான்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அந்தக் கைப்புடிய புடிச்சிகினு பாட்டு பாடுவியே. அத்த எப்புடி நிறுத்த சொல்றது?"