விற்பவர் கையெழுத்து

இறந்துபோன மகனின் கையெழுத்தைப் போட ஹார்லன் கூபெனா நான்கு நாள் பழகினார். டெரலின் பழைய காசோலை ஒன்றைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு, மளிகைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தார். முதல் எழுத்தின் வயிறு டெரலுக்குப் பெரிதாக விழும். கடைசி எழுத்து கீழே இழுபட்டுப் போகும். ஐந்தாம் நாள் காலையில், படகின் பெயர்மாற்றப் படிவத்தில் 'விற்பவர்' என்று அச்சடித்த கோட்டின்மேல் ஒரே மூச்சில் போட்டுவிட்டார். மோட்டாருக்குத் தனிப் படிவம், டிரெய்லருக்குத் தனிப் படிவம், அவற்றிலும் போட்டார். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

படகு டெரலின் பேரில் இருந்தது. அவன் போனபின் அது அவன் மனைவி மாரிசெலாவுக்குச் சேர வேண்டியது. அவளிடம் போய் ஒரு கையெழுத்துக் கேட்டால் வேலை முடிந்தது. அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. ஜனவரியில் வாடைக்காற்று திடீரென்று இறங்கிய ஒரு நாள், அப்பனும் மகனும் வளைகுடாவுக்குள் போனார்கள், படகு கவிழ்ந்தது, அப்பன் மட்டும் திரும்பினார். என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, படகு விபத்துகளை விசாரிக்கும் வார்டனிடம் ஒருமுறை சொன்னார். அடக்கத்துக்குப் பிறகு எட்டு மாதமாக மருமகள் வீட்டுத் தெருப்பக்கமே போகவில்லை. கிழவருக்கு அவள்மேல் ஏதோ கோபம் என்று ஊர் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அந்தப் படகைத் தினமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு அவரால் இனிச் சோறு தின்ன முடியாது.

வாங்க வந்தவன் பேர் லியெம். முப்பது மைல் வடக்கே, மாவட்டத்தின் அடுத்த கோடியில் இருந்தான், நண்டுக்கூண்டு போடுபவன். நாற்பது வயதிருக்கும். படகின் அடியை முழங்கையால் தட்டிப் பார்த்தான், மோட்டாரின் மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டான்.

"இது உப்புத்தண்ணி குடிச்சிருக்கே, அண்ணே?"

"குடிச்சுது. மெக்கானிக் பிரிச்சு மேஞ்சுட்டான். கயித்தை இழுத்துப் பாரு."

இரண்டாம் இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. லியெமின் முகம் மலர்ந்தது. படிவத்தைக் கையில் வாங்கியவன், "பேரு உங்க மகன் பேருல்ல? அவரு வரலையா?" என்றான்.

"எண்ணெய்க் கிணத்துல வேலை. கடலுக்குள்ள இருக்கான். வர நாளாகும்" என்றார் ஹார்லன்.

"சரி, கையெழுத்துப் போட்டுட்டாரே, போதும்."

விலை எழுதும் கட்டத்துக்கு வந்ததும் ஹார்லன் பேனாவை நிறுத்தினார். "எவ்வளவுன்னு எழுதட்டும்? எல்லாரும் குறைச்சுத்தான் எழுதச் சொல்லுவாங்க."

"முழுசா எழுதுங்க. என் மச்சான் ஒரு மகா கெட்டிக்காரன். பன்னெண்டாயிரத்துக்கு வாங்கிட்டு வரிக்குப் பயந்து ரெண்டாயிரம்னு எழுதினான். கவுன்ட்டர்ல இருந்த அம்மா அவனை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'இந்த விலைக்கு எனக்கும் ஒண்ணு பார்த்துக் குடுங்க தம்பி'ன்னாங்களாம். அபராதத்தோட கட்டிட்டு வந்து, இன்னிவரைக்கும் எங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறான்."

ஹார்லனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. படகுக்கும் மோட்டாருக்கும் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர், டிரெய்லருக்கு ஆயிரம் என்று உள்ளபடியே எழுதினார். லியெம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பேர் மாறியதும் வந்து இழுத்துப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான்.

அன்று மதியமே ஹார்லன் பணம் முழுவதையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டினார். மாரிசெலா பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து, எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் வண்டியை விட்டு, அவள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் அதைத் திணித்துவிட்டு வந்தார். உறையின்மேல் பேர் எழுதவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மாவட்ட வரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவள் பெர்னடீன். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஹார்லன், கிளம்பி வா. இப்பவே. தொப்பியத் தேடிக்கிட்டு நிக்காதே."

அவர் போனபோது லியெம் சுவர் ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தான். பெர்னடீன் அவரைக் கடைசி கவுன்ட்டருக்குக் கூப்பிட்டு, மூன்று படிவங்களையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது யாரு கையெழுத்து?"

ஹார்லன் கோட்டின்மேல் இருந்த பேரையே பார்த்தார்.

"தேதியப் பாரு. செப்டம்பர் பதினொண்ணு. டெரல் அடக்கத்துக்கு ஜனவரியில நான் உருளைக்கிழங்கு சாலட் பண்ணி எடுத்துட்டு வந்தேன் ஹார்லன். பாத்திரம் இன்னும் உன் வீட்டுலதான் கிடக்கு."

அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் சுவர் ஓரம் வரைக்கும் கேட்டுவிட்டது. லியெம் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றான்.

"எண்ணெய்க் கிணத்துல வேலைன்னீங்களே, அண்ணே."

"சொன்னேன்."

"செத்தவர் படகுன்னு சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். கடல்ல எந்தப் படகுலதான் சாவு ஏறலை? எங்கப்பா அகதியா வந்த படகுல எழுபது பேர் ஏறினாங்க, நாப்பத்தொரு பேர்தான் இறங்கினாங்க. ஆனா நீங்க உயிரோட இருக்கான்னு சொல்லி வித்தீங்க பாருங்க..." கையை நீட்டினான். "என் பணத்தக் குடுத்துடுங்க."

"எங்கிட்ட இல்லப்பா."

பெர்னடீன் மூன்று படிவங்களையும் சேர்த்து நான்காகக் கிழித்தாள். "நான் எதையும் பார்க்கலை. பார்த்திருந்தா இந்நேரம் ஷெரீப்புக்குப் போன் போட்டிருக்கணும்." இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். "இது வாரிசு வாக்குமூலம். டெரல் பொண்டாட்டி வந்து நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போடணும். பேர் மாறாம இவரு படகைத் தண்ணியில இறக்க முடியாது. கெடு தாண்டினா அபராதம் இவர் தலையில விழும், உன் தலையில இல்லை. போய் அந்தப் பொண்ணைப் பாரு." லியெமும் அரைமனதாகச் சரி என்றான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மாரிசெலாவின் கதவைத் தட்டினார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சமையற்கட்டு வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மகள் இனெஸ் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். மாரிசெலா அவரை உள்ளே வரச் சொல்லி, நாற்காலியைக் காட்டினாள். மேசைமேல் பழுப்பு உறை இருந்தது.

"பேரு எழுதலைன்னா தெரியாமப் போயிடுமா, மாமா? கவரை ரெண்டு பக்கமும் ஒயர் டேப் போட்டு ஒட்டற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

அவர் தாளை எடுத்து வைத்து விவரம் சொன்னார். கள்ளக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். அவள் தாளை முழுவதும் படித்தாள்.

"போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு மோட்டாரைப் பிடிச்சுப் படகை ஓட்டினது யாரு?"

ஹார்லன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெரல்னு வார்டன்கிட்ட சொன்னீங்க. தோள்ல ஆபரேஷன் ஆகி அவனுக்குப் பதினெட்டு நாள். சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன். அந்தக் கையால நாப்பது குதிரைசக்தி மோட்டாரைப் பிடிச்சான்னு நீங்க சொன்னீங்க, ஊரே தலையாட்டிச்சு."

"தெரிஞ்சும் நீ ஏன் அப்பவே சொல்லலை?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். எட்டு மாசம் இருந்தேன்."

அவர் சொன்னார். மோட்டாரைப் பிடித்திருந்தது தான்தான். போக வேண்டாம் என்று டெரல் கரையிலேயே சொன்னான். மீன் கடிக்கிற நாள் இது, சும்மா துணைக்கு வா என்று இழுத்துப்போனதும் தான்தான். வடக்கே வானம் கறுத்தபோது திரும்பிவிடலாம் என்றான். அரை மணி கழித்து இன்னொரு தரம் சொன்னான். இன்னும் ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். காற்று அடித்தபோது படகை அலைக்குக் குறுக்கே திருப்பியது அவருடைய பிசகு. நாற்பது வருஷம் படகோட்டியவன் செய்யக்கூடாத பிசகு. உயிர்காப்பு அங்கிகள் இரண்டையும் உட்கார மெத்தை மாதிரி போட்டிருந்தார்கள். கவிழ்ந்ததும் அவை எங்கே போயின என்றே தெரியவில்லை. டெரலால் ஒரு கையால்தான் படகின் அடிவிளிம்பைப் பிடிக்க முடிந்தது. அவர் அவனுடைய காலரைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்திருந்தார். விரல்கள் மரத்துப்போய் எப்போது விட்டன என்று அவருக்குத் தெரியாது. பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை.

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

"குளுருதுன்னான்."

"வேற?"

இனெஸ் பேரைச் சொன்னான் என்று ஒரு பொய் சொல்லலாம். அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"வேற ஒண்ணும் இல்லம்மா."

மாரிசெலா எழுந்து போய்ச் சமையல் தொட்டியருகே அவருக்கு முதுகு காட்டி நின்றாள். குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டுத் திரும்பியபோது முகம் கழுவியிருந்தாள்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வரேன். கையெழுத்தானதும் நீங்க நேரா வார்டன் ஆபீசுக்குப் போகணும். அவன்தான் படகைக் கவுத்தான்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்கு. இனெஸ் வளர்ந்து ஒருநாள் அதைத் தேடிப் படிப்பா." உறையை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். "பணம் என்னுதுதான், என் புருஷன் படகு. அதனால வச்சுக்கறேன். அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

மாமா என்று அவள் அதன்பின் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வரி அலுவலக வரிசையில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். நோட்டரி முன்னால் மாரிசெலா கையெழுத்துப் போட்டாள். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுத அவளுக்கு நேரம் பிடித்தது. பெர்னடீன் கணக்குப் போட்டாள்: படகுக்கும் மோட்டாருக்கும் விற்பனை வரி நானூற்று அறுபத்தெட்டு டாலர் எழுபத்தைந்து சென்ட், டிரெய்லருக்கு அறுபத்திரண்டரை, அதுபோகப் பதிவுக் கட்டணம். லியெம் இருபது டாலர் நோட்டுகளாக எடுத்து வைத்தான். படகில் ஒட்டும் பதிவு வில்லையையும் டிரெய்லரின் நம்பர் தகட்டையும் கையில் வாங்கியதும், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மாரிசெலாவிடம் வந்தான்.

"படகைப் பத்திரமா வச்சுக்கறேம்மா."

"படகு கிடக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டை உடம்புல போட்டுக்கங்க. உக்கார்ற பலகையில போடாதீங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு வெளியேறினாள்.

ஹார்லன் அங்கிருந்து நேராக வார்டன் அலுவலகத்துக்குப் போனார். பிராங்கம் என்ற அந்த வார்டன் நல்ல மனிதர். அன்று ஹார்லனைத் தண்ணீரிலிருந்து தூக்கியவரே அவர்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, பேச்சைப் பதிந்துகொண்டிருந்த டேப்பை நிறுத்தினார்.

"யாரும் உங்களைக் கேக்கலையே, மிஸ்டர் கூபெனா. நிஜமாவே இதை ஃபைல்ல ஏத்தணுமா?"

"ஏத்துங்க. அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க."

ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தீவனக்கடையில் காலைக் காப்பிக்கு அவர் உட்காரும் மேசையில் இருந்தவர்கள், அவரைக் கண்டதும் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவரும் அங்கே போவதை நிறுத்திவிட்டார்.

வழக்கு வரும், தண்டனை கிடைக்கும் என்று காத்திருந்தார். டிசம்பரில் அரசு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. விபத்து அறிக்கை திருத்தப்பட்டது, மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று நாலே வரி. அவர் வாசலில் நின்றபடியே அதை மூன்று முறை படித்தார். தண்டனை என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிடியாவது இருந்திருக்கும் என்று தோன்றியது.

மாரிசெலாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். அவள் பக்கம் அட்டைப்பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஃபைல்ல மாத்திட்டாங்க இல்ல?"

"மாத்திட்டாங்க."

"சரி. நாங்க அக்கா ஊருக்கே போயிடறோம். வெள்ளிக்கிழமை கிளம்பறோம்."

"இனெஸை ஒரு தடவை..."

"வேண்டாம்" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.