மூடிய உறைக்குள் இரண்டு தாள்

அவள் பஸ் கண்டக்டர். அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவனை வாய் நுரையோடு போலீசார் அழைத்துப் போனார்கள். "சும்மா விசாரணைதான்மா, சாயங்காலம் வந்துருவான்" என்றார் அதிகாரி. அந்தச் சாயங்காலம் வரப் பதினோரு மாதம் ஆனது.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாம். ஜாமீன் கிடையாது. என்ன குற்றம் என்று கேட்டால், அது நீதிபதியிடம் கொடுத்த மூடிய உறைக்குள் இருக்கிறது என்றார்கள்.

"எனக்கே காட்ட மாட்டேங்கறாங்கக்கா," என்றாள் தம்பிக்காக அவள் வைத்த வக்கீல். "கேட்டா நாட்டோட பாதுகாப்புங்கறாங்க."

"என்ன பண்ணான்னே சொல்லலைன்னா, பண்ணலைன்னு எப்படிம்மா நிரூபிக்கறது?"

உறையைக் காட்டச் சொல்லி மேல் கோர்ட்டுக்கு மனு எழுத ஆரம்பித்தாள் வக்கீல்.

தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்கள். டிப்போவில் டிரைவர் மட்டும் ஆறுதல்போல ஆரம்பித்தார். "நெருப்பில்லாம புகையாதும்மா. குண்டு வைக்கறவங்களைப் பிடிக்க ஒரு சட்டம் வேணாமா?"

"குண்டு வைக்கறது எந்தக் காலத்துலண்ணே குத்தமில்லாம இருந்துச்சு? அதுக்குப் பழைய சட்டமே போதும். காரணம் சொல்லாம உள்ள வைக்கத்தான் புதுசு வேணும். நெருப்பை விடுங்க, புகையையாவது என் கண்ணுல காட்டச் சொல்லுங்க!"

அவள் மேசையைத் தட்டியதில் அவருடைய டீ கவிழ்ந்தது. துடைக்கக்கூட இல்லை அவள்.

கடைசியில் மேல் கோர்ட்டு நீதிபதி ஒருவர், உறையில் இருந்ததை வக்கீலுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றார். இரண்டே தாள். ஒன்று, அரசுக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் வரைபடம். மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். இன்னொன்றில் ஒரே வரி: "தாக்குதலுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களாக இருக்கலாம்." வரைபடத்தின் மூலையில் அந்தக் கட்டடத்து இன்ஜினியரின் கையெழுத்து. கேபிள் தேய்ந்த இடங்களைக் குறித்துத் தரும்படி தம்பியிடம் சொன்னதே அவர்தான். அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்று மத்தியானமே முடிந்திருக்கும்.

வக்கீல் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "ஒளிக்கத்தாம்மா செய்வாங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிருமே."

கோர்ட்டு விடுவித்தது. தம்பி பாதியாக இளைத்து வந்தான். லிஃப்ட் வேலைக்குத் திரும்பப் போகவில்லை. கதவு மூடினால் மூச்சு முட்டியது, குளியலறையைக்கூடத் தாழிடுவதில்லை.

"விடுக்கா, வந்துட்டேன்ல."

"நீ வந்துட்டடா. உன்னை உள்ள போட்டவன் யாருன்னு தெரிய வேணாமா?"

அந்த ஒற்றை வரியை எழுதிய அதிகாரி யார் என்று கேட்டு மனுப் போட்டாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: பாதுகாப்புக் காரணங்களால் பெயரைத் தெரிவிக்க இயலாது. அதே வாரம், அந்தச் சட்டத்தை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்தார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு வக்கீல் ஆபீஸ் படியேறினாள். பதில் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"கேஸ் போடும்மா. இந்தத் தடவை அவங்க மேல."