திரைக்கு அடியில் ஒரு கடா

பாஸ்ஸு அந்த ஓராண்டில் எண்ணூற்று நாற்பது தடவை செத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் அதிகம். பாரிஸில் அன்று ஒரு காட்சி கூடுதல். மொராக்கோவின் தென்கோடியில் எங்கள் ஊர் தினுகலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பாலைவனச் சிப்பாய்களின் வீரத்தைப் படம் பிடிக்க வந்ததில் தொடங்கிய வினை அது. எதிரிகளாக விழுந்து சாக ஆள் போதவில்லை என்று பாஸ்ஸுவுக்கே ஏழு தலைப்பாகை மாற்றி, ஏழு தடவை ஒரு லெஃப்டினன்ட் வேஷக்காரனை விட்டுச் சுடச்சொல்லி, குன்றிலிருந்து உருட்டினார்கள். “பாக்குறவங்களுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்” என்றாராம் டைரக்டர். அதே குன்றில் அவன் தகப்பனை நிஜச் சிப்பாய்கள் நிஜமாகவே சுட்டிருந்தார்கள். அந்தச் சங்கதி படத்தில் வரவில்லை.

அதன்பின் எங்கே படம் ஓடினாலும் இங்கே பாஸ்ஸு ஏழு தடவை மூச்சு நின்று விழுந்தான். காட்சி நகர்ந்ததும் எழுந்தான். சந்தையில் தன் வெங்காயக் குவியல் மேல் விழுந்தான், தேநீர் ஊற்றும்போது விழுந்தான். மாமியார் வீட்டு விருந்தில் விழுந்ததை மட்டும் நடிப்பு என்று இன்றும் சொல்கிறார்கள். அவன் மனைவி இத்தோ கைம்பெண்ணின் வெள்ளைத் துணியை உடுத்துவதும் களைவதுமாக அலுத்துப்போய், கடைசியில் களையவேயில்லை. அதுவரை ஊருக்குச் சிரிப்புதான். பிறகு ஒருநாள் எங்கோ படச்சுருள் சிக்கிக்கொள்ள, காலையில் விழுந்தவன் சாயங்கால அஸர் தொழுகை வரை எழவில்லை. இறந்தவரை அன்றைக்கே அடக்கிவிடுவது எங்கள் வழக்கம். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, குழியில் இறக்கிய பிறகு, “யார்ரா அது, மண்ணப் போடுறது?” என்று எழுந்து உட்கார்ந்தான்.

இத்தோ நேரே எங்கள் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக் கேப்டனின் அலுவலகத்துக்குப் போனாள்.

“படத்துல செத்ததுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லம்மா” என்று அவர் சிரித்தார்.

“நெசத்துல செத்ததுக்கு மட்டும் பொறுப்பேத்துக்கிட்டீங்களாக்கும்!”

ஒருவன் வாசலில் கடா அறுத்து முறையிட்டால் அவன் மறுக்கக் கூடாது. மறுத்தால் சாபம் அவனுக்கு. இது எங்கள் பக்கத்துச் சட்டம். படத்தில் சுட்டவனுக்கு வாசல் எது என்பதில்தான் ஊருக்குக் குழப்பம். “அவன் நிக்கிற எடந்தான் வாசல்” என்றாள் இத்தோ. பட்டணத்துக் கொட்டகைக்குப் படம் வந்ததும், பகல் காட்சிக்குக் கடாவை இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, ஆட்டுக்கு எங்க சீட்டு?” என்றான் டிக்கெட் கிழிப்பவன்.

“அது நின்னுக்கிட்டே பாக்கும். வழிய விடு.”

லெஃப்டினன்ட் துப்பாக்கியைத் தூக்கியதும் திரைக்கு அடியில் கடாவை அறுத்தாள். “எம் புருசன் சாவ நீயே திருப்பி வாங்கிக்கடா!” என்று கத்தினாள். முன்வரிசைத் துரைமார் பூட்ஸெல்லாம் ரத்தம். லெஃப்டினன்ட் திரையிலிருந்து குனிந்து பார்த்தான். முகம் செத்துப்போய், துப்பாக்கியை இறக்கினான்.

அன்று முதல் எந்த ஊரில் ஓடினாலும் அந்தப் படத்தில் யாரும் சுடுவதில்லை. லெஃப்டினன்ட் மணலில் உட்கார்ந்திருக்கிறான். குன்றின்மேல் ஏழு தலைப்பாகையில் ஏழு பாஸ்ஸு அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எட்டாவதாகப் பாஸ்ஸுவின் தகப்பனும். அவரை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. பாரிஸில் ஜனங்கள் பாதியில் எழுந்து போகிறார்களாம், போகட்டும். இத்தோ வெள்ளையைத் துவைத்து வாசலுக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருக்கிறாள். பாஸ்ஸு சந்தையில் வெங்காயம் விற்கிறான். காட்சி நேரத்தில் மட்டும் பாரிஸ் இருக்கும் வடக்கே பார்த்தபடி கண் இமைக்காமல் நிற்பான்; அப்போது அவனிடம் யாரும் விலை கேட்பதில்லை.