கண்ணைக் கரிக்காத கிளிசரின்

கிளிசரினில் கலந்து தொண்டையில் தடவும் அயோடின் மருந்து தூரிகையில் நிற்காமல் வழிந்து ஓடியது. கம்பவுண்டர் ஹாலாஸ்யம் மறுபடி தோய்த்துப் பார்த்தான். கிளிசரின் என்றால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். இது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

யுத்தம் வந்ததிலிருந்து கிளிசரின் எல்லாம் வெடிமருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தல்லாகுளத்து மருந்துக் கடைக்கு இந்த ஒரு தகரம் கிளிசரின் கிடைத்ததே முதலாளி கல்யாணராமனுக்குப் பெருமை.

"நாக்குல வச்சுப் பாத்துத்தானே ஓய் வாங்கினேன். தித்திச்சுதே!"

கடையில் அதுதான் பரீட்சை. ஹாலாஸ்யமும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத்தான் தகரத்தை உடைத்திருந்தான். அவன் பி.எஸ்ஸி. ரசாயனத்தில் படித்த பரீட்சை வேறு. மனைவி ஸ்யாமளா பிரசவத்தில் போன பிறகு அதையெல்லாம் செய்ய அவனுக்குத் தோன்றவில்லை. கை தானாகக் கலக்கும். அவன் எங்கோ இருப்பான்.

இப்போது செய்தான். பைசல்பேட் உப்போடு ஒரு துளியைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினான். கிளிசரினாக இருந்தால் கருகிய எண்ணெய் நெடி கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். கரிக்கவில்லை. முதலில் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. ஸ்யாமளாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அது நனையவில்லை.

பாட்டில் கழுவும் மொக்கையனைக் கூப்பிட்டான். "கிட்ட வா. கண்ணு எரியறதா?"

"இல்லையே சாமி. பாயசம் கொதிச்ச மாதிரில்ல இருக்கு!"

பழைய பாட்டிலின் அடியில் கிடந்த கிளிசரினைக் காய்ச்சினான். "ஆத்தாடி!" என்று மொக்கையன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினான். ஹாலாஸ்யத்தின் கண்ணிலும் நீர் கொட்டியது.

அமெரிக்காவில் இப்படித் தித்திக்கும் ஒரு திரவத்தில் மருந்தைக் கரைத்துக் கொடுத்து, சிறுநீர் அற்றுப்போய்க் குழந்தைகள் செத்ததைக் கல்லூரியில் படித்திருந்தான். அந்தத் தகரத்திலிருந்து உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்றுதான் போயிருந்தது. முந்தாநாள், கொட்டாம்பட்டி ஒச்சாயியின் பையனுக்கு இருமல் மருந்து.

"எங்கே ஓய் ஓடறீர்? போலீஸ் அது இதுன்னு வந்துடாதே?" என்றார் விஷயத்தைக் கேட்ட முதலாளி. அவன் தெருவில் இறங்கிவிட்டான்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி அடுப்பில் ஓடுகிற பஸ் மேட்டுக்கு மேடு நின்றது. இறங்கித் தள்ளியவர்களில் அவனும் ஒருவன். ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒரு வருஷத்தில் அவன் போட்ட முதல் சத்தம் அது.

ஒச்சாயி வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் அவள் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தான்.

"வாங்க சாமி! எம்புட்டு நல்ல மருந்து! இவனே கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான்."

பாட்டிலில் ஒட்டியிருந்த அளவுக் காகிதத்தில் பாதிக்கும் கீழே மருந்து இறங்கியிருந்தது. அவன் அதை மண்ணில் கவிழ்த்தான்.

"அய்யய்யோ, ஏன் சாமி கொட்டுறீக?"

"பையன் கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

பக்கத்து வீட்டு முனியாயி சிரித்துவிட்டாள். "கேட்டியாடி! பிள்ளை மூத்திரத்தை விசாரிக்க மதுரையிலேருந்து பஸ் ஏறி வந்திருக்காரு!"

ஒச்சாயியும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றது. "நேத்துப் பொழுதடைய... இன்னைக்குக் காணமே."

"கலந்தது மருந்து இல்லம்மா. விஷம்."

"யாரு கலந்தா?"

"நான்தான்."

அவள் முறத்தாலேயே அவன் தோளில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை, குனிந்து பையனைத் தூக்கிக்கொண்டான். "அடி. நடந்துண்டே அடி. பஸ் திரும்பற நேரம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பஸ்ஸில் ஒச்சாயி ஹாலாஸ்யத்தின் மடியில் கிடந்த பையனுக்குக் கீழே விரித்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. அவள் கை எடுத்ததும் அவன் கை போகும். பையன் ஒருமுறை வாந்தி எடுத்தான்; அப்புறம் கண்ணைத் திறக்கவில்லை.

மேலூர் தாண்டியதும் ஹாலாஸ்யத்தின் மடியில் லேசாகச் சூடு பட்டது. அவன் அசையவில்லை. ஒச்சாயி துணியைத் தொட்டாள். விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நனைஞ்சிருக்கு சாமி! பொழைச்சுக்குவான்ல?"

உள்ளங்கை அகலம்கூட இல்லை அந்த ஈரம். நிறமும் சரியில்லை.

"இன்னும் வரணும்" என்றான். "இன்னும் நிறைய வரணும்."

அவள் மறுபடி துணிக்குள் கையை வைத்துக்கொண்டாள், எடுக்கவில்லை. அவனும் பக்கத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.