ஆமை முதுகில் ஒரு பள்ளம்

பொம்மை அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் தலையை நுழைத்தாள் சிவாஜினி. தூசி. ஒற்றைச் சொக்ஸ். மர ஆமையின் துண்டைக் காணோம்.

"அக்கா, அந்தாள் வர இன்னும் ஏழு நிமிஷம்!" கூட வேலைசெய்யும் அனோஜினி சிரித்தாள். "ஆமை எண்டு மெத்தனமா இருந்திட்டம், ஓடிட்டுது."

"பகிடி விடாமல் சப்பாத்துத் தட்டைப் பார்."

லாசாலில் கார்டெரி எனும் அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு, துண்டுகளைப் பொருத்தி விளையாடும் மர ஆமைப் பஸிலைக் கொண்டுவந்தவர் மைக்கல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொஹாக் பழங்குடி மக்களின் ஊர்க்காரர். ஆமையோட்டில் பதின்மூன்று பெரிய துண்டுகள். ஒவ்வொன்றும் ஆண்டின் ஒரு நிலா. அதைச் சின்னஞ்சிறுசுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், போகும்போது ஒன்று சொன்னார்: வேறோர் இடத்தில் பாதியைத் தொலைத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வருவேன். குறையாமல் இருந்தால் ஆமை உங்களுக்கு.

"நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்தவள் சிவாஜினி. நேற்று மாலை பதின்மூன்றும் இருந்தன.

காலையில் நாலு வயது சாருஜாவின் தாய் வாசலில் நின்று, "இண்டைக்கு நான் விரதம். பிள்ளைக்கும் மீன், இறைச்சி எண்டு மச்சம் குடுத்திடாதேங்கோ" என்றாள். அதைச் சமையலறையில் சொல்லிவிட்டு வருவதற்குள் ஒன்று மாயம்.

அனோஜினி பெட்டி மட்டையைத் துண்டின் வடிவில் வெட்டி, மண்ணிறம் தீட்டி நீட்டினாள். "வையுங்கோக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

வைத்தாள். அச்சாய்ப் பொருந்தியது. அதுதான் உறுத்தியது. அவர்களுடைய நிலாவுக்கு நம்முடைய மட்டையா? மணி அடித்தபோது அதைப் பிடுங்கிக் கசக்கினாள்.

மைக்கல் தரையில் சம்மணமிட்டார்.

"ஒன்று குறைகிறது. தப்பு என்னுடையது" என்று ஆங்கிலத்தில் நேராகவே சொன்னாள்.

அவர் வெற்றுப் பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

"கொண்டுபோக வேண்டாம்!"

சாருஜா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பொத்திய கைக்குள் அந்தத் துண்டு. மைக்கல் கையை நீட்டினார்; அவள் மாட்டேன் என்று தலையாட்டி, சிவாஜினியின் காதுக்குள் ஏதோ குசுகுசுத்தாள்.

கேட்டதைச் சிவாஜினி அவருக்குச் சொன்னாள். மைக்கல் அந்தப் பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். பையைக் கவிழ்த்துப் பன்னிரண்டையும் திரும்ப அடுக்கினார். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, வெறும் பையோடு எழுந்து போனார்.

"என்னக்கா சொன்னவள்?" அனோஜினிக்குப் பொறுக்கவில்லை.

"இண்டைக்கு அமாவாசையாம். நிலா இருக்கக் கூடாதெண்டு கழட்டி வைச்சவளாம்."