பத்தில் நின்ற கோடு

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் லீலாவதி வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை பௌதிகம் படித்தவள். ஆலையின் போர்மேன் எர்னஸ்ட்டை அவள் கட்டிக்கொள்ளப்போவது, அந்த எண்பத்து நாலாம் வருடம் தோட்டம் முழுக்கத் தெரிந்த சேதி. கோயிலா, மாதா கோயிலா என்று இரண்டு வீட்டிலும் ஒரு வருடம் இழுபறி நடந்து, கடைசியில் ரிஜிஸ்டர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்பு உருளையின் கதவை, அந்த வேலையைப் பார்க்கும் சன்னாசி திறந்தார். உள்ளே மிச்சமிருந்த ஆவி பீறிட்டு அடித்ததில் அவருடைய இரண்டு கைகளும் மார்பும் வெந்துபோயின. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உருளைக்குள் எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு பேனா, நகரும் காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். அந்தக் கருவி இருப்பது போர்மேன் அறையில். எர்னஸ்ட் அதைப் பார்த்துக் குரல் கொடுத்தால்தான் சன்னாசி கதவில் கை வைப்பார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எர்னஸ்ட் அந்தக் காகிதத்தோடு அவளிடம் வந்தான். முகத்தில் உயிரே இல்லை.

"லீலா, இதக் கொஞ்சம் பாரேன். நான் பாக்கறப்ப கோடு படுத்திருச்சு, அதான் தொறக்கச் சொன்னேன். படுத்துட்டா உள்ள ஒன்னும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவள் பார்த்தாள். கோடு நாற்பது வரை ஏறி நின்று, பிறகு இறங்கி, பத்துக்கு வந்ததும் பத்து நிமிடம் அப்படியே படுத்துக் கிடந்தது.

"இல்லங்க. படுத்திருந்தா மாறலன்னுதான் அர்த்தம். எவ்ளோ இருக்குன்னு தெரிய உயரத்தப் பாக்கணும். இது பத்துலயே நிக்குது. வால்வு அடச்சிக்கிட்டு ஆவி வெளிய போகல."

"அப்ப என் தப்புதானா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "தெரியாம நடந்தது. உள்ளதச் சொல்லிடுங்க."

அவன் காகிதத்தைச் சுருட்டினான். "ஒழுங்கா எறங்குனா எப்படி இருக்கும், எறங்கி முடியறதுக்குள்ள தொறந்தா எப்படி இருக்கும், ரெண்டயும் வரஞ்சு காட்டு. இன்னொரு தடவ இப்படி ஆகக்கூடாது லா."

அவள் சதுரக் கட்டம் போட்ட தாளில் அடிக்கோல் வைத்து இரண்டையும் வரைந்தாள். இரண்டாவதன் கீழே, 'முடியுமுன் திறந்தால்' என்று எழுதினாள். அவன் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். செய்த தப்பைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறானே என்று அன்று அவளுக்கு அவன்மேல் மதிப்புக்கூட கூடியது.

திங்கட்கிழமை மேனேஜர் சிவானந்தத்தின் அறையில் விசாரணை. கோட்டைப் படித்துச் சொல்ல லீலாவதியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் கொரல் குடுக்கல சார்," என்றான் எர்னஸ்ட். "பிரஷர் எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவரே அவசரப்பட்டுத் தொறந்துட்டாரு."

மேசைமேல் இருந்த காகிதத்தை அவள் எடுத்தாள். பத்தில் படுத்துக் கிடந்த கோட்டைக் காணோம். நாற்பதிலிருந்து பத்து வரை அடிக்கோல் வைத்தாற்போல ஒரே சரிவு, பிறகு செங்குத்தாக விழுந்திருந்தது. ஆவி அப்படி இறங்காது. முதலில் வேகமாக இறங்கும், போகப்போக நிதானப்படும். அவள் கோப்பில் சேர்த்த நூற்றுக்கணக்கான காகிதங்களிலும் அந்த இடத்தில் கோடு வளைந்துதான் இருக்கும். அன்று கட்டம் போட்ட தாளில் நேராக வரைந்து காட்டியது அவள்தான், அவனுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று; அதையே பார்த்து இதில் வரைந்திருக்கிறான்.

 எர்னஸ்ட்டைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க லீலாவதி," என்றார் சிவானந்தம்.

"இது மெஷின் வரஞ்சது இல்ல சார்."

போன மாதக் காகிதங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பரப்பினாள். சிவானந்தம் குனிந்து பார்த்துவிட்டு எர்னஸ்ட் பக்கம் திரும்பினார்.

எர்னஸ்ட் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். "இவதான் சார் வரஞ்சு குடுத்தா. இப்படி மாத்திடலாம்னு சொன்னதே இவதான். பாருங்க, இவ கையெழுத்து."

கோட்டை மாற்றியதைக்கூடப் பயத்தில் செய்துவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் இந்தத் தாளை அவன் வீட்டிலிருந்தே தயாராகக் கொண்டுவந்திருந்தான். தேவைப்பட்டால் அவளைத் தள்ளிவிடலாம் என்று காலையில் சட்டை போடும்போதே நினைத்திருக்கிறான்.

நடந்ததை அவள் வரிசையாகச் சொன்னாள்.  சிவானந்தம் இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"ஏமாத்தணும்னு இவங்க நெனச்சிருந்தா வளச்சுல்ல வரஞ்சிருப்பாங்க?" என்றார். "அதப் பாத்து மெஷின் காகிதத்துல நேரா வரஞ்சவனுக்கு ஆவி எப்படி எறங்கும்னே தெரியல. அசல் எங்க எர்னஸ்ட்?"

அசலை பாய்லர் நெருப்பில் போட்டதை அவன் ஒப்புக்கொண்டான். அன்றே அவனுக்கு வேலை போயிற்று. வாரக் கடைசியில் கெர்லிங்கில் இருக்கும் மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் அம்மா ரோசரி மட்டும் லீலாவதியின் லயத்து வீட்டு வாசலில் நின்று, "கட்டிக்கப் போறவன காட்டிக் குடுத்துட்டியேடி," என்று கத்திவிட்டுப் போனார். லீலாவதி உள்ளே போய்விட்டாள். யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று யாரிடம் போய் விளக்குவது?

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள். சன்னாசி இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தார். விசாரணை முடிந்ததைச் சொன்னாள்.

"'ம், தொற'ன்னு அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சும்மா," என்றார் சன்னாசி. "ஆனா எல்லாரும் நான்தான் அவசரப்பட்டேன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சொன்னாரா, நானா நெனச்சிக்கிட்டேனான்னு இங்க படுத்துக்கிட்டு அதையேதான் யோசிக்கிறேன்."

"சொன்னாருண்ணே," என்றாள் லீலாவதி. "அவரு சொல்லித்தான் நீங்க தொறந்தீங்க."

சன்னாசியின் கண்ணோரம் நீர் வழிந்தது. கட்டுப் போட்ட கையால் அவருக்குத் துடைக்க முடியவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது.