இரண்டு முறை தொங்கிய பூசணி

அந்த வரிசை வீடுகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கே சிரிப்பு வரும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இரண்டு அறைகளில் அண்ணனும் தம்பியும் குடும்பம் நடத்தினார்கள். அண்ணன் பெண்டாட்டியைப் பெரியவள் என்றும் தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்றும் வரிசையே கூப்பிட்டது.

ஆளுக்கொரு ஆண் பிள்ளை. பெரியவள் பிள்ளைக்குப் பதினாலு மாதம். கன்னம், தொடை, மணிக்கட்டு என்று எங்கே பார்த்தாலும் மடிப்பு, அதனால் பூசணி என்று பேர். சின்னவள் பிள்ளைக்கு ஒரு வயது. வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பான், அதனால் சாது.

சின்னவள் சட்டை தைக்கும் பட்டறையில் காலர் வைக்கிறவள். காலையில் சாதுவைப் பெரியவள் மடியில் போட்டுவிட்டு ஓடினால், இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். இரண்டையும் மேய்ப்பது பெரியவள் வேலை. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

“இவன மாதிரி பத்துப் பிள்ளை இருந்தாலும் வளர்த்துடலாம்டி. காலையில இருந்து ஒரு சத்தம் இல்ல. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கே, அப்பப்பா, ஊரைக் கூட்டிடுது!”

மத்தியானம் ஒரே கிண்ணத்தில் சோற்றைக் குழைத்து, இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து, ஆளுக்கொரு வாய் என்று ஆரம்பிப்பாள். ஆரம்பம் என்னவோ நியாயமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாய்க்குள் பூசணி கிண்ணத்தைப் பிடித்து இழுப்பான், வீறிடுவான், அவள் புடவையைப் பிடித்துத் தொங்குவான். சாது பார்த்துக்கொண்டிருப்பான்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், தெரியாதா உனக்கு? இவன்கிட்ட கத்துக்கடா” என்று சாதுவின் கன்னத்தைத் தட்டிச் சிரிப்பாள். கிண்ணம் காலியாகும். இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று என்று எழுந்துவிடுவாள்.

சாது இளைத்திருப்பது அவள் கண்ணில் படாமல் இல்லை. பட்டதும் வாயில் பதில் தயாராக வரும். “அப்பனைக் கொண்டிருக்கான். எங்க கொழுந்தனாரும் சின்ன வயசுல குச்சியாத்தான் இருந்தாராம்.” கொழுந்தனாரும் அதை மறுத்ததில்லை. குச்சியாக இருந்ததில் அவருக்கு என்னவோ ஒரு கௌரவம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஒருவர் வருவார். நடைக் கூரையில் தராசை மாட்டி, துணித் தொட்டிலில் பிள்ளைகளைத் தொங்கவிட்டு, அட்டையில் புள்ளி வைப்பார். வரிசை அவருக்கு வைத்த பேர் தராசம்மா. புள்ளி பச்சையில் விழுந்தால் ஒரு சிரிப்பு. சிவப்பில் விழுந்தால் தாயும் பிள்ளையும் பதினாலு நாள் ஆஸ்பத்திரி. இவருக்கு முன்னால் வந்த நர்ஸ் காலத்தில் கடைசி அறைக்காரி அப்படித்தான் போனாள். பிள்ளை தேறி வந்தது. ஆனால் பட்டறையில் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வரிசைக்கு முதல் பாதி மறந்துவிட்டது, இரண்டாவது பாதி மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

தராசம்மா புதிதாக வந்த மாதமே சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒரே ஒரு தடவை பூசணியைக் குடுங்க. புள்ளி வச்சதும் கொண்டாந்துடறேன்.”

அரைப்படி அரிசி கைமாற்றுக் கேட்கிற மாதிரி பிள்ளையைக் கேட்டாள். பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை பிள்ளைகள் இருக்க என் பிள்ளையைத்தானே கேட்கிறாள்!

முதலில் பூசணி பூசணியாகவே தொங்கினான். பிறகு பின்பக்கச் சந்து வழியாகக் கொண்டுபோய், சட்டையை மாற்றி, காது மூடக் குல்லா மாட்டி, கூட்டத்தின் கடைசியில் சின்னவள் இடுப்பிலிருந்து சாதுவாகத் தொங்கினான். நடுவில் அழாமல் இருக்கப் பால் கொடுத்ததில் நூறு கிராம் கூடிவிட்டது. “உங்க பிள்ளைக்கு இவன் தேவலையே” என்று தராசம்மா பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்கப் பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். தன் பிள்ளை தன் பிள்ளையிடமே தோற்றதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒரே ஒரு தடவை என்றது இரண்டாயிற்று. மூன்றாம் மாதம் பூசணிக்கு விவரம் வந்துவிட்டது. அம்மா கண்ணில் பட்டால் தாவிவிடுவான். அதனால் அவனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, சாதுவை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவள் உள்ளே கதவைச் சாத்தி உட்கார்ந்தாள்.

வெளியே பூசணியைத் தராசில் மாட்டினார்களோ இல்லையோ, “ம்மா! ம்மா!” என்று கூரை பெயர்ந்தது. பெரியவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. சுரந்ததை வீணாக்குவானேன் என்று சாதுவை மார்போடு அணைத்தாள். இரண்டு தரம் சப்பினான். வாய் நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. கண் மட்டும் மார்பிலேயே இருந்தது.

அவளுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. உள்ளங்காலில் கிள்ளிப் பார்த்தாள். முகம் கோணியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

ஐயோ, இவன் சாது இல்லை. அழத் தெம்பில்லாதவன். இத்தனை மாதம் ஒரே கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், தனக்குத்தான் கேட்கவில்லை. சாமர்த்தியம் பேசிப் பேசிப் பட்டினி போட்டது இந்தக் கைதான். இன்றும் புள்ளி பச்சையில் விழுந்தால் அடுத்த மாதம் தொங்கவிட இவன் இருக்க மாட்டான். பெரியவள் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள்.

“அட்டையில எழுதாதீங்க. அது என் பிள்ளை. அவளோடது இது” என்றாள்.

பூசணி அம்மாவைப் பார்த்துத் தொட்டிலோடு துள்ளினான்.

“ரெண்டுத்துக்கும் ஒரே இடத்துல மச்சமான்னு போன மாசமே யோசிச்சேன்” என்றார் தராசம்மா. “ஒரே குடும்பமாச்சேன்னு விட்டுட்டேன். எனக்கு நல்லா வேணும்.”

சாதுவைத் தொட்டிலில் வைத்தார். முள் ஆறு கிலோவைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. தராசம்மாவின் குரல் இறங்கிப்போனது. “இன்னைக்கே கிளம்பணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க.”

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க? பட்டறையில என் சீட்டு போயிடுமே! அப்புறம் நாங்க எதைச் சாப்பிடுறது?”

“சீட்டு எங்கேயும் போகாது. நான் உக்கார்றேன். பூசணி வயித்துல வர்றதுக்கு முன்னாடி நானும் அங்க காலர் வச்சவதான்.”

“பூசணியை யாரு பாத்துக்கறது?”

“அப்பன்னு ஒருத்தர் இருக்காரில்ல? பெத்ததுல பாதி அவரோடதுதானே.” சொல்லிக்கொண்டே சாதுவைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள். “நான்தான்டி இவனுக்குப் போடாம விட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டு. திட்டிட்டுக் கிளம்பு.”

சின்னவள் திட்டவில்லை. “குல்லா போட்டு மறைச்சது நான்தானே” என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் பெரியவள் நாலு காலரைத் தலைகீழாக வைத்தாள். மேஸ்திரி கத்தினார். “போட்டுக்கறவங்களைத் தலைகீழா நிக்கச் சொல்லுங்க” என்றவள், பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். பதினாலு நாளும் வேறொருத்தியை அந்த மெஷின் பக்கம் அண்டவிடவில்லை. வீட்டில் பூசணியின் அப்பாவுக்கு இடுப்பு வேட்டி நிற்கவில்லை. பூசணி இளைக்கவில்லை.

பதினைந்தாம் நாள் சாது வந்தான். மடிப்பெல்லாம் ஒன்றும் விழுந்துவிடவில்லை, கழுத்து மட்டும் நேராக நின்றது. மறுநாள் காலை சின்னவள் பழையபடி மெஷினுக்கு ஓடினாள். மத்தியானம் பெரியவள் சோறு குழைத்தாள். இப்போது இரண்டு கிண்ணம். ஆனால் கை பழகிய கை அல்லவா, முதல் வாயைப் பூசணிப் பக்கமே கொண்டுபோனது.

சாது தரையைத் தட்டினான். வாயைத் திறந்தான். வீறிட்டான் பாருங்கள், பக்கத்து அறையில் கழுவிக் கவிழ்த்த தட்டு விழுந்தது.

“என்னடி இது, சாதுவா இருந்த பிள்ளை இப்படிக் கத்துது!” என்று கடைசி அறைக்காரி எட்டிப் பார்த்தாள்.

“கத்தட்டும்” என்றாள் பெரியவள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. “நல்லா கத்துடா என் ராசா.”

அந்த வாய்ச் சோறு பாதி வழியில் திரும்பிச் சாதுவிடம் போனது. பூசணி வாயைத் திறந்தது திறந்தபடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தன் முறைக்குக் காத்திருந்தான்.